மாணவியின் சம்மதம், கைப்பட

ஒரு குழந்தையிடம் "உனக்கு விருப்பமா?" என்று எப்படிக் கேட்பது? பதினொரு வருடம் ஒரு பள்ளி அலுவலகத்தில் உட்கார்ந்து இந்தக் கேள்விக்குப் பதிலை எழுதி வாங்கி, துளையிட்டு, ஃபைலில் கட்டி வைத்தவள் நான். எப்படிக் கேட்க வேண்டும் என்பது எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

வேலை அனுபவத்தை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். எனக்கு முப்பத்தேழு வயதுதான். மகளுக்கு இரண்டு வயதானபோது வேலையை விட்டேன். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பொய்யல்ல, முழு உண்மையும் அல்ல.

போன வாரம் அனுபமா போன் செய்தாள். திருவனந்தபுரத்தில் நான் வேலை பார்த்த பள்ளியில் இப்போது என் நாற்காலியில் உட்காருகிற பெண். தமிழ்க்காரிதான், இங்கேயே பிறந்து வளர்ந்ததால் பேச்சில் மலையாளம் கலந்து வரும்.

"சேச்சி, ஒரு வயசிளவு ஃபைல் வந்திட்டுண்டு. குட்டியோட சம்மதம்னு ஒரு பேப்பர் வைக்கணும்னு பழைய லிஸ்ட்ல இருக்கு. அந்த மாடல் நீங்க எழுதினதுதானே?"

"ஆமா. கம்ப்யூட்டர்ல இருக்குமே."

"இருக்கு, கண்டேன். பழைய ஃபைல்களையும் எடுத்து ஒத்துப் பாத்தேன். எல்லாத்திலயும் ஒரே வாசகம். நம்ம ஸ்கூல் குட்டிகள் எல்லாத்துக்கும் ஒரே விருப்பம்தான் போல," என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிக்க வரவில்லை. பிறகு கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். இன்னும் கூப்பிடவில்லை.

வயசிளவு, அதாவது வயதுத் தளர்வு, என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதக் குறைந்தபட்ச வயது உண்டு. நன்றாகப் படிக்கிற பிள்ளையைக் கீழ் வகுப்பில் ஒரு வருடம் தாண்ட விட்டிருப்பார்கள். இன்னொரு வருடமும் தாண்ட விட்டிருப்பார்கள். பத்தாம் வகுப்புக்கு வரும்போது வயது குறையும். அந்தக் குறையை மன்னித்துத் தேர்வெழுத விடும்படி மேலிடத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். எங்கள் பள்ளி நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்குப் பெயர் வாங்கிய தனியார் பள்ளி. வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ இப்படி வரும்.

பாறசாலைக்குத் தெற்கே, தமிழ்நாட்டு எல்லைக்குள் எங்கள் வீடு. பி.காம் முடித்து, இரண்டு மொழியில் டைப்பிங் படித்து, இருபத்தொரு வயதில் அந்த அலுவலகத்தில் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் மாற்றுச் சான்றிதழ் எழுதியதும், வருகைப் பதிவேட்டைக் கூட்டிப் போட்டதும்தான் நினைவிருக்கிறது. மற்றதெல்லாம் சுகுமாரன் சாரிடம் கற்றது.

சுகுமாரன் சார் எங்கள் தலைமைக் கிளார்க். எந்தத் தாளையும் இரண்டு முறை படிப்பார். முதல் முறை நின்றுகொண்டு, தேதியையும் கையெழுத்தையும் மட்டும். இரண்டாம் முறை உட்கார்ந்து, ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்து, ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே வருவார். தவறு இருந்தால் திட்ட மாட்டார். தாளைச் சத்தமில்லாமல் மேஜையின் என் பக்கத்துக்கு நகர்த்துவார். அதைவிடத் திட்டியிருக்கலாம். திரும்பி வந்த தாளைக் கிழிக்கவும் கூடாது. ஒரு பக்கம் வெற்றாக இருந்தால் அது இன்னும் தாள்தான் என்பார். அந்தப் பக்கத்தில்தான் நாங்கள் டிராஃப்ட் எழுதுவோம். "பேப்பர் பறயட்டே, ஷீபே. நம்மள் பறயண்டா," என்பார். காகிதம் பேசட்டும் ஷீபா, நாம் பேச வேண்டாம்.

வயசிளவு ஃபைலுக்கு ஐந்து தாள்கள்: பெற்றோரின் விண்ணப்பம், பிறப்புச் சான்று, மூன்று வருட மதிப்பெண்கள், வகுப்பாசிரியரின் குறிப்பு, உடலும் மனமும் தேர்வைத் தாங்கும் என்று மருத்துவர் தரும் சான்று. ஆறாவதாக ஒன்றைச் சார் சேர்த்தார். மேலிடம் அதைக் கேட்கவில்லை. நான் சேருவதற்கு முன்னால், சீக்கிரம் எழுதி மதிப்பெண் குறைந்த ஒரு பையனின் அப்பா, பள்ளிதான் தள்ளிவிட்டது என்று அலுவலகத்தில் வந்து சத்தம் போட்டிருக்கிறார். அதன் பிறகு சார் பிள்ளையிடமே எழுதி வாங்க ஆரம்பித்தார். மாணவரின் சம்மதம், கைப்பட.

முதலில் பிள்ளைகள் தோன்றியதை எழுதினார்கள். ஒரு வரி எழுதுகிறவர்கள், ஒரு பக்கம் எழுதுகிறவர்கள், தேதி போட மறக்கிறவர்கள். சாருக்கு அது பிடிக்கவில்லை. ஒரு மாதிரி வாசகம் தயார் செய்யச் சொன்னார். நான் செய்தேன். யாருடைய கட்டாயமும் இல்லாமல், என் சொந்த விருப்பத்தின் பேரில் இந்த வருடத் தேர்வை எழுதச் சம்மதிக்கிறேன், அதன் நன்மை தீமைகளை உணர்ந்திருக்கிறேன் என்று மலையாளத்தில் நாலு வரி. சார் ஸ்கேலை வைத்துப் படித்தார். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்த வாசகத்தை முதலில் பார்த்து எழுதியவள் ஸ்டெல்லா. விழிஞ்ஞத்தில் மீன்பிடிக்கிற குடும்பம். அவளுடைய அம்மாவுக்கு இந்த அவசரம் பிடிக்கவே இல்லை. ஸ்டெல்லாதான் அம்மாவை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"சார், ஒன்பதாங்கிளாஸ் புக்க எலி தின்னாலும் எனக்கு ஒண்ணும் இல்ல. எல்லாம் தலைக்குள்ள உண்டு. இன்னும் ஒரு வருஷம் அதே கிளாஸ்ல இருந்தா எலி என்னத் தின்னுரும்," என்றாள்.

சார் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அவள் நின்றபடியே நாலு வரியையும் எழுதி, கையெழுத்துக்கு அடியில் ஒரு கோடும் இழுத்தாள். தேர்வில் எல்லாவற்றிலும் ஏ பிளஸ். பிறகு இன்ஜினியரிங் படித்து இப்போது கொச்சியில் வேலை பார்க்கிறாள். என் கல்யாணத்துக்கு வந்திருந்தாள். இதை நான் ஏன் சொல்கிறேன் என்றால், கெட்டிக்காரப் பிள்ளைகளைச் சீக்கிரம் எழுத விடுவது தவறு என்று ஒரேயடியாகச் சொல்ல என்னால் முடியாது. ஸ்டெல்லாவை இன்னொரு வருடம் உட்கார வைத்திருந்தால் அவள் படிப்பையே வெறுத்திருப்பாள்.

சங்கரி வந்தபோது எனக்கு மனதில் இருந்தது ஸ்டெல்லாதான்.

சங்கரியின் அப்பா முருகையா தென்காசிப் பக்கத்துக்காரர். பழவங்காடியில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். எட்டாவதோடு நின்றவர். மகள் இரண்டு வகுப்பு தாண்டி, பன்னிரண்டரை வயதில் பத்தாம் வகுப்பில் இருந்தாள். ஐந்து தாள்களையும் அவர் பிளாஸ்டிக் உறையில் போட்டு, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வந்தார். மதிப்பெண்களில் சொல்ல ஒன்றும் இல்லை. மருத்துவர் சான்று தந்துவிட்டார். ஃபைல் அன்று மத்தியானம் போக வேண்டும். எடுத்துப் போகிறவர் வாசலில் காத்திருந்தார். அப்பாவைத் தலைமையாசிரியை அறைக்கு அனுப்பிவிட்டு, சங்கரியை என் மேஜைக்கு எதிரில் உட்கார வைத்து, ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் கொடுத்தேன். மாதிரி வாசகம் பிரிண்டரிலிருந்து வந்துகொண்டிருந்தது.

"உனக்கு எழுத விருப்பம்தானேம்மா? எழுதிக் குடு," என்றேன். இதுதான் நான் கேட்ட விதம்.

நான் பிரிண்டர் பக்கம் போய்த் திரும்புவதற்குள் அவள் எழுதி முடித்திருந்தாள். தமிழில். பள்ளியில் அவள் தமிழ் படிக்கவில்லை. வீட்டில் அப்பா சொல்லிக் கொடுத்த எழுத்து. அந்த அலுவலகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"சேச்சி, எனக்கு எல்லா பதிலும் தெரியும். ஆனா எனக்கு எழுத வேண்டாம். பெரிய பிள்ளைங்க கூட எனக்கு பயமா இருக்கு. அப்பா கிட்ட சொன்னா அழுவாங்க. வயசு பத்தாதுன்னு நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

படித்தேன். அவசரத்தில் படிக்கவில்லை என்று எழுதலாம் என்று இந்தக் கட்டுரையை ஆரம்பிக்கும்போது நினைத்தேன். படித்தேன். முழுவதும் படித்தேன்.

பிறகு என்ன நினைத்தேன் என்பதை எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். தேர்வு என்றால் எல்லாப் பிள்ளைக்கும் பயம்தான் என்று நினைத்திருக்கலாம். ஐந்து தாளும் சரியாக இருக்கிற ஃபைல் ஆறாவது தாளுக்காக நிற்கக் கூடாது என்று நினைத்திருக்கலாம். அப்போது நான் மூன்று மாதக் கர்ப்பிணி. காலையிலிருந்து வாந்தி, சீக்கிரம் வீட்டுக்குப் போனால் போதும் என்று இருந்தது. இதில் எது காரணம் என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாமே காரணம் போலவும் இருக்கிறது, எதுவுமே போதாத காரணம் போலவும் இருக்கிறது.

சுகுமாரன் சார் தன் மேஜையிலிருந்து தலையைத் தூக்கினார். "எந்தாணு எழுதியிரிக்குன்னது?" என்று கேட்டார். என்ன எழுதியிருக்கிறாள்?

"தமிழ்ல எழுதிட்டா சார். மாத்தி எழுதறா," என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் மாதிரி வாசகத்தைச் சங்கரியின் முன்னால் வைத்தேன். "இங்க தமிழ்ல எழுதக் கூடாதும்மா. இதப் பாத்து அப்படியே எழுது," என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. குனிந்து எழுத ஆரம்பித்தாள். நாலு வரியிலும் ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. சார் அதை நின்று ஒரு முறையும் உட்கார்ந்து ஒரு முறையும் படித்துவிட்டு ஃபைலில் கட்டினார். முருகையா ஒரு நகல் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.

அவள் முதலில் எழுதிய தாள் என் மேஜையில் இருந்தது. ஒரு பக்கம் வெற்றாக இருந்தது.

அனுமதி வந்தது. சங்கரி எல்லாவற்றிலும் ஏ பிளஸ் வாங்கினாள். பழவங்காடியில் கடைக்கு மேலே அவள் படம் போட்ட ஃபிளெக்ஸ், பக்கத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து வைத்தது. பள்ளியிலும் வைத்தோம். அதன் பிறகு பிளஸ் ஒன், பிளஸ் டூ. வகுப்பில் எல்லோரும் இவளைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர்கள். பதினான்கரை வயதில் பிளஸ் டூ முடித்துவிட்டாள். முருகையாவுக்கு மகளை டாக்டராகப் பார்க்க வேண்டும். நுழைவுத் தேர்வுக்குப் பதினேழு வயது ஆக வேண்டும் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அந்த வயதுக்கு யாரும் இளவு தர மாட்டார்கள்.

அவருக்குத் தெரியவில்லை என்பதைப் புரிந்துகொள்ளலாம். எங்களுக்கும் தெரியவில்லை. சங்கரிக்கு முன்னால் வந்தவர்கள் யாரும் இவ்வளவு சிறிய வயதில் முடித்தவர்கள் அல்ல, மருத்துவத்துக்குப் போனவர்களும் அல்ல. எங்கள் வேலை பத்தாம் வகுப்போடு முடிந்தது. ஃபைலைக் கட்டியதும் அலமாரியில் வைத்தோம்.

காத்திருந்த அந்த இரண்டரை வருடமும் அவள் கோச்சிங் சென்டருக்குப் போனாள். அதே பாடங்கள், அதே மாதிரித் தேர்வுகள், ஒவ்வொரு வருடமும் புதிதாக வந்து போகிற பெரிய பிள்ளைகள். பதினேழு வயதில் நுழைவுத் தேர்வு எழுதப் போனவள், விடைத்தாளில் பெயரும் எண்ணும் எழுதிவிட்டு மற்றதைத் தொடாமல் கொடுத்துவிட்டு வந்தாள். அடுத்த வருடமும் அப்படியே. மூன்றாவது வருடம் போகவில்லை. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது, பின்னால் முருகையா சொல்லித்தான் தெரிந்தது. அதற்கெல்லாம் முன்பே, பள்ளியில் என்னுடைய கடைசி நாளில் மேஜை இழுப்பறையைக் காலி செய்தபோது என் பிரசவ விடுப்பு விண்ணப்பத்தின் டிராஃப்ட் கிடைத்தது. திருப்பிப் பார்த்தால் சங்கரியின் தாள். அதை அங்கே விட்டு வர முடியவில்லை. வீட்டுக்குக் கொண்டு வந்து பைபிளுக்குள் வைத்தேன்.

இந்த வருடம் பள்ளி திறப்பதற்கு முன்னால் ஹன்னாவுக்கு டிபன் பாக்ஸ் வாங்கப் போனேன். ஹன்னா என் மகள், இரண்டாம் வகுப்பு. வேறு கடைக்குப் போயிருக்கலாம். நல்லபடியாக ஏதாவது கேள்விப்படலாம் என்ற ஆசையில் முருகையாவின் கடைக்குத்தான் போனேன்.

"வாங்க டீச்சர், நல்லா இருக்கீயளா?" என்றார். பள்ளியில் யார் வேலை பார்த்தாலும் அவருக்கு டீச்சர்தான். நன்றாக நரைத்திருந்தார்.

சங்கரி கடையின் உள்பக்கம், பாத்திரத்தில் பேர் வெட்டும் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். இருபது வயது. ஒரு குத்துவிளக்குத் தட்டில் யாரோ தாத்தாவின் நினைவாகப் பெயர் வெட்டிக்கொண்டிருந்தாள். மெஷின் நின்றது; அவள் தலை நிமிரவில்லை.

"பேசவே மாட்டேங்கா டீச்சர். சாப்பிடுதா, வாரா, பேர் வெட்டுதா, போறா. வேற ஏதாச்சும் படின்னா அதுக்கும் பதில் இல்ல. டாக்டர்ட்டயும் காட்டியாச்சு, மாத்திரை குடுத்திருக்காவ. நாங்கதான் கெடுத்துட்டோம்னு அவங்கம்மைக்கு நெனப்பு, ராப்பகலா அழுகை." அவர் குரல் உயர்ந்தது. "நீங்களே சொல்லுங்க. அன்னைக்கு நீங்கதான அங்க இருந்திய. நாங்க வெரட்டுனமா? என் சொந்த விருப்பம்னு அவ கைப்படத்தான எழுதிக் குடுத்தா? நகல் இன்னும் வச்சிருக்கேன். எனக்கு என்ன தெரியும் டீச்சர், எட்டாங்கிளாஸ்காரன். அவ வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் விட்டிருக்க மாட்டனா?"

கடையில் வேறு ஆட்களும் நின்றார்கள். சங்கரி இப்போது என்னைப் பார்த்தாள்.

"ஆமா," என்றேன். "அவளேதான் எழுதிக் குடுத்தா."

முருகையா மகளைத் திரும்பிப் பார்த்து, "கேட்டியா?" என்றார்.

நான் எடுத்த டிபன் பாக்ஸைப் பேர் வெட்ட அவரே அவளிடம் கொடுத்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். மன்னிப்பு மாதிரி ஏதாவது சொல்ல நினைத்தேன்.

"சேச்சி, என்ன எழுதணும்?" என்று கேட்டாள்.

"ஹன்னான்னு."

"பேப்பர்ல எழுதித் தாங்க. பாத்து அப்படியே எழுதிருவேன்."

எழுதிக் கொடுத்தேன். வெட்டிக் கொடுத்தாள்.

அந்த வாரமே சுகுமாரன் சாருக்குப் போன் செய்தேன். ஓய்வு பெற்று நெடுமங்காட்டுப் பக்கம் மகன் வீட்டில் இருக்கிறார். சங்கரியின் முதல் தாளில் இருந்ததை முதல் தடவையாக ஒருவரிடம் சொன்னேன். அவரும் நானும் ஒரே மாதிரிதான் நடந்துகொண்டோம், எங்கள் வேலை அப்படி என்று அவர் சொல்லுவார் என எதிர்பார்த்தேன்.

"அது அன்னு பறஞ்ஞிருந்நெங்கில் ஞான் ஃபைல் விடில்லாயிருந்நு, ஷீபே," என்றார். அதை அன்றே சொல்லியிருந்தால் ஃபைலை அனுப்பியிருக்க மாட்டேன் என்கிறார். "அதினல்லே ஞான் சோதிச்சது?" அதற்காகத்தானே கேட்டேன்?

அவர் கேட்டார். நான்தான் சொல்லவில்லை.

அனுபமாவின் போனுக்கு இரண்டு நாள் கழித்து ஹன்னாவின் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். அவளுக்கு இரண்டாம் வகுப்பில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லையாம். இந்த வருடமே மூன்றாம் வகுப்பின் தேர்வையும் எழுதட்டும், தேறினால் அடுத்த வருடம் நேராக நாலாம் வகுப்பு என்றார்கள். பெற்றோர் இருவரும் கையெழுத்திட்டுத் திங்கட்கிழமை தர வேண்டும். என் கணவர் விழிஞ்ஞம் துறைமுகத்தில் வண்டிகளைப் பழுது பார்க்கிறவர். "சின்னத் தேர்வுதானே, அவ முடிப்பா. நீ எதையும் பெருசாக்காதே," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். ஹன்னா ஸ்டெல்லாவாகவும் இருக்கலாம். வகுப்பில் போரடிக்கிறது என்று அவள் இரண்டு தடவை சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. வேண்டாம் என்று நான் தடுத்தால், அது அவளுக்காகவா, சங்கரிக்காகவா?

நேற்றுச் சாயங்காலம் அவளை உட்கார வைத்துக் கேட்டேன். மாதிரி வாசகம் எதுவும் இல்லாமல், மெதுவாக, எந்தப் பக்கமும் சாயாமல் கேட்டதாகத்தான் நினைக்கிறேன். வாயால் சொல்லத் தயங்குகிறாளோ என்று ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து, "உனக்கு என்ன தோணுதோ அத எழுது மோளே. அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டேன்," என்றேன்.

அவள் தாளைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"அம்மா, இதில நான் எந்தா எழுதணும்?" என்றாள்.

இதைப் படிக்கிறவர்களில் பிள்ளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள், ஆசிரியர்கள் இருப்பீர்கள், சின்ன வயதிலேயே பெரிய வகுப்பில் உட்கார்ந்தவர்களும் இருக்கலாம். சங்கரி எழுதிய தாள் என்னிடம் இருக்கிறது. அதை முருகையாவிடம் கொடுத்தால், மகளைக் குற்றம் சொல்ல அவர் வைத்திருக்கும் நகல் செல்லாமல் போகும். அவரிடம் மிச்சமிருக்கிற ஒரே ஆறுதலும் அதோடு போகும். கொடுக்க வேண்டுமா? அதை அவரிடம் கொடுப்பதா, இவ்வளவு தாமதமாகச் சங்கரியிடம் கொடுப்பதா? அனுபமாவிடம் என்ன சொல்லட்டும்? ஹன்னாவின் தாள் சாப்பாட்டு மேஜை மேல் இன்னும் வெற்றாக இருக்கிறது. தன் முகத்தைப் பார்த்துப் பதில் எழுதாத ஒரு பிள்ளையிடமிருந்து உண்மையான பதிலை வாங்கியவர்கள் யாராவது இருந்தால், எப்படிக் கேட்டீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.